கையடக்கச் சுழற்கருவி

கையடக்கச் சுழற்கருவி என்பது எழுதுகோலைப் போல ஒரு கையில் பிடித்து இயக்கத்தக்க, மிக விரைவாகச் சுழலும் சிறிய மின்கருவி ஆகும். இதன் முனையிலுள்ள கவ்வியில் துளையூசி, செதுக்குமுனை, சாணைக்கல், வெட்டுத்தட்டு, உப்புத்தாள் உருளை, மெருகேற்றும் கம்பளித்தட்டு போன்ற துணைக்கருவிகளை மாற்றி மாற்றிப் பொருத்தலாம். பெரும்பாலான கருவிகள் நிமிடத்துக்கு 5,000 முதல் 35,000 சுற்றுகள் வரையான வேகத்தில் இயங்குகின்றன. தமிழ்நாட்டுக் கடைகளில் இது "மினி கிரைண்டர்" அல்லது "மினி டிரில்" என்று வழங்கப்படுகிறது. "டிரெமல்" என்ற நிறுவனப் பெயரையே கருவியின் பொதுப்பெயராகக் கொள்வோரும் உளர்.

பொழுதுபோக்காகக் கைவேலை செய்வோர் இக்கருவியை எவ்வாறு தெரிவு செய்யலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்துள்ள இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய ஊர்களில் கிடைக்கும் பொருள்களும் அங்குள்ள சூழலும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. தென்னந்தோப்பு, நூற்பாலை, கட்டுத்துணி நெசவு, காப்புக்காடு ஆகியவை அருகருகே உள்ள பகுதி இது. அண்மையிலுள்ள சிவகாசியில் பட்டாசுத் தொழில் நடைபெறுகிறது. இவை ஒவ்வொன்றும் கருவியின் தெரிவையோ பயன்பாட்டையோ ஏதோவொரு வகையில் பாதிக்கின்றன.

வரலாறு

சுழலும் கூர்முனையால் துளையிடும் நுட்பம் மிகப் பழையது. வில்லின் நாணைத் தண்டில் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றும் துறப்பணத்தைத் தமிழகத் தச்சர் நெடுங்காலம் பயன்படுத்தினர். அதில் தண்டு இருதிசையிலும் மாறிமாறிச் சுழலும். ஒரே திசையில் தொடர்ந்து சுழலும் சிறு கருவி பல் மருத்துவத்தின் வழியாகவே உருவானது. அமெரிக்கரான ஜேம்சு மாரிசன் காலால் மிதித்து இயக்கும் பல் துளைபொறிக்கு 1871இல் காப்புரிமை பெற்றார். ஜார்ஜ் கிரீன் மின்சாரத்தால் இயங்கும் துளைபொறிக்கு 1875இல் காப்புரிமை பெற்றார். இன்றும் பொற்கொல்லர் பட்டறைகளிலும் பல் ஆய்வுக்கூடங்களிலும் ஒரே வகை முனைகள் பயன்படுவதற்கு இந்தப் பொதுத் தோற்றமே காரணம்.

ஆசுத்திரியாவில் பிறந்த ஆல்பர்ட் டிரெமல் அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலத்திலுள்ள ரசீன் நகரில் 1932இல் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். 1930களின் நடுப்பகுதியில் அந்நிறுவனம் வெளியிட்ட "மோட்டோ-டூல்" என்ற கருவியே இன்றைய கையடக்கச் சுழற்கருவிகளின் முன்னோடி. டிரெமல் நிறுவனத்தை 1993இல் செருமனியின் பாஷ் நிறுவனம் வாங்கியது.

வேகமும் முறுக்குவிசையும்

இக்கருவியை வாங்குவோர் பலர் இதனைச் சுவரில் துளையிடும் கருவியின் சிறிய வடிவம் என்று கருதுகின்றனர். இது சரியன்று. இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு.

130 வாட் மின்திறனை எடுத்துக்கொண்டு நிமிடத்துக்கு 30,000 சுற்றுகள் சுழலும் ஒரு கருவியைக் கருதுவோம். இழப்புகள் ஏதுமில்லை என்று கொண்டாலும் அதன் முறுக்குவிசை ஏறத்தாழ 0.04 நியூட்டன் மீட்டர் மட்டுமே. 600 வாட் திறனில் 3,000 சுற்றுகள் சுழலும் சாதாரணத் துளைபொறிக்கு அதே கணக்கில் 1.9 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். அதாவது, 45 மடங்குக்கும் மேல். ஆகவே சுழற்கருவியை அழுத்திப் பிடித்தால் அது வெட்டாது, நின்றுவிடும். நின்ற மின்னோடியில் மின்னோட்டம் பெருகி, குளிர்விக்கும் விசிறியும் நின்றுபோவதால் சுருள்கள் எரியும். பழுதாகும் கருவிகளில் பல இவ்வாறு அழுத்தப்பட்டவையே. எழுதுகோலால் தாளைத் தொடுவதுபோல மெல்லத் தொட்டு, வேகத்தை வேலை செய்ய விடுவதே முறை.

வேகத்துக்கு மறுபக்கமும் உண்டு. 38 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெட்டுத்தட்டு 35,000 சுற்றுகளில் சுழலும்போது அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 70 மீட்டர் வேகத்தில் செல்கிறது. இது மணிக்கு 250 கிலோமீட்டருக்குச் சமம். தட்டு உடைந்தால் துண்டுகள் இந்த வேகத்திலேயே பறக்கும். கண்ணாடி அணியாமல் இக்கருவியை இயக்குவதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. பார்வைக் குறைபாட்டுக்காக அணியும் மூக்குக்கண்ணாடி பக்கங்களை மூடாது என்பதால் அது போதாது.

வகைகள்

நேரடி மின்னிணைப்பு வகை: 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் இயங்குவது. திறன் பெரும்பாலும் 100 முதல் 175 வாட் வரை. எடை அரைக் கிலோகிராமுக்குச் சற்று மேல். மின்னோடி கைக்குள்ளேயே இருப்பதால் நெடுநேர வேலையில் உடல் சூடாகும். முதற்கருவியாக வாங்குவோருக்கு இதுவே பெரும்பாலும் பொருத்தமானது.

மின்கல வகை: லித்தியம் மின்கலத்தில் இயங்குவது. மின்வெட்டைப் பற்றிக் கவலையில்லை. கம்பி இடையூறும் இல்லை. ஆயினும் சில ஆண்டுகளில் மின்கலம் தேய்ந்ததும் அதே வடிவ மின்கலம் கிடைக்காவிட்டால் நல்ல நிலையிலுள்ள கருவியும் பயனற்றுப்போகும். எப்போதாவது பயன்படுத்துவோருக்கு இது சிக்கனமன்று.

மைக்ரோ மோட்டார்: கட்டுப்பாட்டுப் பெட்டி மேசைமேல் இருக்க, மெல்லிய கைப்பிடி மட்டும் கையில் இருக்கும். தென்கொரியாவில் தயாராகும் "மராத்தான்" இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. அதிர்வு குறைவு, முனையின் ஆட்டமும் குறைவு. நுண்ணிய செதுக்கு வேலையையே முதன்மையாகக் கொண்டவர்கள் தொடக்கத்திலேயே இதை வாங்குவது நல்லது. ஆனால் வெட்டுத்தட்டு போன்ற பெரிய துணைக்கருவிகளுக்கு இது ஏற்றதன்று.

வளைதண்டு வகை: மின்னோடி கொக்கியில் தொங்கும், வளையும் தண்டு ஒன்று சுழற்சியைக் கைப்பிடிக்குக் கொண்டுவரும். நகைப் பட்டறைகளில் காணப்படுவது. நேரடி மின்னிணைப்புக் கருவிகள் சிலவற்றுக்கும் இத்தகைய தண்டைத் தனியே வாங்கிப் பொருத்தலாம்.

பெயரொற்றுமையால் இரு கருவிகள் இதனுடன் குழப்பப்படுகின்றன. ஒன்று, 6 மில்லிமீட்டர் கவ்வியுள்ள "டை கிரைண்டர்". இது இரும்புப் பட்டறைக்குரியது; ஒரு கையால் நெடுநேரம் பிடிக்க இயலாத அளவு கனமானது. மற்றொன்று, பாத்திரக் கடைகளில் எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டும் கருவி. இது சுழல்வதே இல்லை. மின்காந்தத்தால் முனை முன்னும் பின்னும் அதிர்கிறது. இந்திய மின்சாரம் நொடிக்கு 50 அலைவுகள் கொண்டது. ஒவ்வோர் அலைவிலும் மின்காந்தம் இருமுறை இழுப்பதால் முனை நொடிக்கு 100 முறை குத்துகிறது. பாத்திரத்தில் பெயர் பொறிப்பது மட்டுமே நோக்கமானால் சுழற்கருவி தேவையில்லை.

கவ்வியும் தண்டின் விட்டமும்

விளம்பரங்களில் வாட் அளவும் "100 துணைக்கருவிகள்" என்ற எண்ணிக்கையும் பெரிதாகக் காட்டப்படுகின்றன. உண்மையில் முதலில் கவனிக்கவேண்டியது கவ்வியே. பொழுதுபோக்குக் கருவிகளின் துணைக்கருவிகள் பெரும்பாலும் 3.2 மில்லிமீட்டர் தண்டு கொண்டவை. பல் ஆய்வுக்கூட, பொற்கொல்லர் முனைகளின் தண்டு 2.35 மில்லிமீட்டர். இவ்விரண்டு அளவுக்கும் கவ்வி கிடைக்கும் கருவியையே வாங்கவேண்டும். சிறு நகரங்களில் கருவி நிறுவனத்தின் அசல் துணைக்கருவிகள் கிடைப்பது அரிது. பல் மருத்துவப் பொருள் விற்போரிடமும் பொற்கொல்லர் பொருள் விற்போரிடமும் 2.35 மில்லிமீட்டர் முனைகள் தரமாகவும் தேவைக்கு ஒவ்வொன்றாகவும் கிடைக்கும். இந்த ஒரு வசதி பல ஆண்டுகளில் மிச்சப்படுத்தும் பணம் கருவியின் விலையையே மிஞ்சக்கூடும்.

அளவு பொருந்தாத கவ்வியில் முனையை இறுக்கினால் அது மையம் விலகிச் சுழலும். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். நேரான துளையூசி ஒன்றைப் பொருத்திக் குறைந்த வேகத்தில் இயக்கினால், நல்ல கருவியில் ஊசி அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். மோசமானதில் நுனி ஒரு சிறு வட்டமாக விரியும். அத்தகைய கருவியில் மெல்லிய ஊசிகள் தொடர்ந்து ஒடியும். விலை மலிவான கருவிகளின் பெருங்குறை இதுவேயன்றித் திறன் குறைவன்று.

மூன்று தாடைகளுள்ள சாவியற்ற சக்கு, எந்த விட்டத்தையும் பிடிக்கும் என்பதால் வசதியானது. எனினும் பக்கவாட்டு விசைமிக்க வேலைகளில் சரியான அளவுக் கவ்வியே உறுதியானது.

குறைந்தபட்ச வேகம்

அதிகபட்ச வேகத்தில் கருவிகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. குறைந்தபட்ச வேகமே பார்க்கவேண்டியது. அக்ரிலிக் போன்ற நெகிழிகள் மிகை வேகத்தில் வெட்டுப்படாமல் உருகி முனையில் ஒட்டிக்கொள்ளும். கம்பித்தூரிகைகள் பொதுவாக 15,000 சுற்றுகளுக்கு மேல் இயக்கத்தக்கவை அல்ல. மீறினால் கம்பிகள் கழன்று ஊசிகளாகப் பறக்கும். 5,000 சுற்றில் தொடங்கும் கருவி, 10,000 சுற்றில் தொடங்குவதைக் காட்டிலும் பல வேலைகளுக்கு உதவும். வேகத்தைக் குறைத்தாலும் முனை திணறாதவாறு மின்னணுக் கட்டுப்பாடு உள்ள கருவிகள் இன்னும் மேலானவை.

பொருளும் முனையும்

சிரட்டை: வேறு ஊர்களில் கொட்டாங்குச்சி எனப்படும் தேங்காய்ச் சிரட்டை, தொடக்கநிலையினருக்கு மிக ஏற்ற பொருள். இராஜபாளையத்தைச் சுற்றியுள்ள தென்னந்தோப்புகளால் இது ஏறத்தாழ இலவசமாகவே கிடைக்கிறது. முற்றிய தேங்காயின் சிரட்டை கடினமானது. இழையோட்டம் மரத்தைப்போல் ஒரே திசையில் அமையாததால் எத்திசையிலும் செதுக்கலாம். வெளிப்புற நாரை உப்புத்தாள் உருளையால் நீக்கி, உருவத்தை வரைந்து, உள்வெட்டுகளைக் கார்பைடு முனையால் முடிப்பது வழக்கமான முறை. ஆண்டாளின் கைக்கிளியைப் போன்ற ஒரு சிறு உருவம் பழகுவதற்கு நல்ல பாடம். இறுதியில் தேங்காயெண்ணெய் சிறிது தடவித் துணியால் தேய்த்தால் கரும்பழுப்பு மெருகு தானே வரும், மெருகெண்ணெய் தேவையில்லை.

மரம்: வேம்பு, மா, தேக்கு ஆகியவற்றில் பூவேலை, கண், அணிகலன் போன்ற நுண்பகுதிகளுக்கு இக்கருவி பயன்படும். மரத்தின் பெரும்பகுதியை நீக்குவதற்கு உளியே விரைவானது. ஆடிப்பூரத்தன்று ஓடும் திருவில்லிபுத்தூர்த் தேரின் மரச்சிற்பங்களைப் பார்ப்போர், உளியின் ஒரே இழுப்பில் கிடைக்கும் கூரிய விளிம்பைச் சுழலும் முனை தருவதில்லை என்பதை உணரலாம். சுழற்கருவியின் வெட்டு சற்று உருண்டே இருக்கும். வேகம் மிகுந்தால் மரம் கருகும். எனவே இது உளிக்கு மாற்றன்று, துணை.

கல், கண்ணாடி: வைரத்தூள் பூசிய முனைகள் தேவை. நீர் சொட்டவிட்டு வேலை செய்யவேண்டும் என்பதால், நீர் கருவிக்குள் புகாதவாறு வளைதண்டோ மைக்ரோ மோட்டாரோ பயன்படுத்துவது பாதுகாப்பானது. நேரடி மின்னிணைப்புக் கருவியை ஈரத்தில் இயக்குவது உயிருக்கு ஆபத்து. மாக்கல் மென்மையானது, சாதாரண எஃகு முனையே போதும்.

உலோகம்: இரும்புக்கு இளஞ்சிவப்பு நிற அலுமினிய ஆக்சைடு சாணைக்கற்கள் ஏற்றவை. பச்சைநிறச் சிலிக்கன் கார்பைடு கற்கள் கல்லுக்கும் கண்ணாடிக்கும் உரியவை. வெட்டுத்தட்டுகளில் நாரிழை வலுவூட்டப்பட்டவற்றையே வாங்கவேண்டும். கருவியுடன் இலவசமாக வரும் மெல்லிய பழுப்புத் தட்டுகள் சிறிது சாய்ந்தாலும் நொறுங்கும்.

துணைக்கருவிப் பெட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை ஒருமுறைகூடப் பயன்படுவதில்லை. நல்ல கார்பைடு முனை இரண்டு, வைர முனை இரண்டு, உப்புத்தாள் உருளை ஒன்று, வலுவூட்டிய வெட்டுத்தட்டுகள் சில ஆகியவற்றோடு தொடங்கினால் போதும்.

மின்சாரம் தொடர்பானவை

அமெரிக்காவிலுள்ள உறவினர் வாங்கிவரும் கருவிகள் 120 வோல்ட்டுக்கு உரியவை. செருகி மாற்றியை மட்டும் பொருத்தி 230 வோல்ட்டில் இணைத்தால் அவை உடனே கருகிவிடக்கூடும். அலைவெண் வேறுபாடு இவ்வகை மின்னோடிக்குப் பொருட்டன்று. வோல்ட் அளவே பொருட்டு. கருவியின் திறனைப்போல் ஏறத்தாழ இருமடங்கு கொள்ளளவுள்ள இறக்கு மின்மாற்றி தேவைப்படும். அதன் எடையையும் விலையையும் கணக்கிட்டால் இங்கேயே வாங்குவது பெரும்பாலும் இலாபம். மின்கலக் கருவியாயின், உதிரி லித்தியம் மின்கலங்களை வானூர்தியின் சரக்குப் பெட்டியில் வைக்க அனுமதியில்லை என்பதையும் கொண்டுவருவோருக்குத் தெரிவிக்கவேண்டும்.

ஒன்றனுள் ஒன்றாக இரு சதுரங்கள் பொறிக்கப்பட்ட கருவி இரட்டைக் காப்பிடப்பட்டது; அதற்கு நிலத்தொடுப்பு ஊசி இராது. கரித்தூரிகைகளை வெளியிலிருந்தே கழற்றி மாற்ற இயலுமா, அவை மதுரையிலாவது கிடைக்குமா என்பதை வாங்கும் முன் கேட்டறியவேண்டும். சில பத்து ரூபாய் பெறும் தூரிகை கிடைக்காததால் கருவியையே எறிய நேர்வதுண்டு.

தூசு, பஞ்சு, தீப்பொறி

கருங்கல்லில் குவார்ட்சு உள்ளது. அதை உலர்நிலையில் அரைக்கும்போது எழும் நுண்தூசு நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிசு என்னும் மீளாத நோயை உண்டாக்கும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, தொழிலிடங்களில் உள்ளிழுக்கப்படும் படிகச் சிலிக்காவை 1997இலும் மரத்தூசை அதற்குச் சற்று முன்பும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பனவற்றின் முதற்பிரிவில் சேர்த்தது. பொழுதுபோக்காகச் செய்வோர் இதைத் தொழிலாளர்க்கு மட்டுமே உரிய சிக்கலாக எண்ணிவிடுகின்றனர். காற்றோட்டமில்லாத படுக்கையறையில் விடுமுறைதோறும் கல் செதுக்குபவர் சுவாசிக்கும் தூசு குறைவானதன்று. அதே அறையில் உறங்கும் குழந்தைகளும் அதைச் சுவாசிப்பர்.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. வீட்டில் எளிதில் கிடைக்கும் இத்துணியை மூக்கில் கட்டிக்கொள்வது பயன் தராது. இழைகளுக்கிடையே இடைவெளி இருக்கவேண்டும் என்பதற்காகவே நெய்யப்படும் துணி அது. முகத்தில் இறுகப் பொருந்தும் என்95 வகை முகக்கவசமே வேண்டும். கல் வேலை எப்போதும் ஈரநிலையிலேயே நடைபெறவேண்டும்.

தறியும் பஞ்சும் உள்ள வீடுகளில் வேறொரு ஆபத்தும் உண்டு. இரும்பை வெட்டும்போது தீப்பொறிகள் சில மீட்டர் தொலைவு சிதறும். மூலைகளில் படிந்த பஞ்சுத்துகள் எளிதில் பற்றிக்கொண்டு, வெளியே சுடர் தெரியாமல் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கக்கூடும். பஞ்சுத்துகள் கருவியின் காற்றுத்துளைகளை அடைத்து மின்னோடியையும் சூடாக்கும். பட்டாசு, தீப்பெட்டி மூலப்பொருள் ஆகியவை இருக்கும் கட்டடத்திலோ அதன் அருகிலோ இக்கருவியை எவ்வேலைக்கும் இயக்கக்கூடாது. பொறி எழாத மர வேலைக்கும் இது பொருந்தும்; மின்னோடியின் கரித்தூரிகைகளிலேயே சிறு பொறிகள் இடைவிடாது எழுகின்றன. தீபாவளிக்கு வாங்கிவைத்த பெட்டி இருக்கும் அறையும் இதில் அடங்கும்.

தோளில் துண்டு, தளர்ந்த கைலி, தாவணி, நீண்ட கூந்தல் ஆகியவை சுழலும் தண்டில் சிக்கும். பருத்திக் கையுறை அணிவது பாதுகாப்பு எனத் தோன்றினாலும் அதன் நூலும் அவ்வாறே சிக்கும் என்பதால் தவிர்க்கவேண்டும். செதுக்கும் பொருளை மடியில் வைத்து வேலை செய்யாமல் சிறு பிடிகருவியில் பொருத்துவதே முறை.

மான்கொம்பும் காட்டு மரமும்

மேலைநாட்டு நூல்களிலும் நிகழ்படங்களிலும் மான்கொம்புச் செதுக்கல் சுழற்கருவிக்குரிய விருப்பமான வேலையாகக் காட்டப்படுகிறது. இங்கு அதைப் பின்பற்ற இயலாது. திருவில்லிபுத்தூரை ஒட்டிய மலைக்காடு 1988இல் நரை அணில்களுக்கான காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது; 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியானது. காட்டில் மான் தானே உதிர்த்த கொம்பாயினும் அதை எடுத்துவருவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். யானைத் தந்தத்துக்கும் இது பொருந்தும். காப்பகத்திலிருந்து பட்ட மரத்துண்டைக்கூட எடுத்துவரக்கூடாது. தோப்புகளில் கழிக்கப்படும் மாங்கிளை, சிரட்டை, மாட்டுக்கொம்பு ஆகியவை அதே நுட்பங்களைப் பழகப் போதுமானவை. கொம்பை அரைக்கும்போது எழும் நாற்றம் அண்டைவீட்டாரின் பொறுமையைச் சோதிக்கும் என்பது வேறு.

நாயின் நகத்தைத் தேய்த்தல்

கைவேலைக்கென வாங்கப்படும் இக்கருவிக்கு வீட்டில் இன்னொரு பயனும் உண்டு. நாய்களின் வளர்ந்த நகத்தை வெட்டுவதற்குப் பதிலாக உப்புத்தாள் உருளையால் தேய்த்துக் குறைக்கலாம். இந்திய அஞ்சல்துறை 2005இல் அஞ்சல்தலை வெளியிட்ட நாட்டு நாயினங்கள் நான்கனுள் ஒன்றான இராஜபாளையம் நாய் பெரும்பாலும் வெண்ணிறமானது. நகமும் வெளிர்நிறமாயின் உள்ளே இரத்தநாளம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாகத் தெரியும். எங்கு நிறுத்தவேண்டும் என்பதை அறிவது எளிது. உரோமம் குட்டையானதால் உருளையில் சிக்குவதும் அரிது. இவ்வினத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை உள்ள நாய்கள் காணப்படுகின்றன. அத்தகைய நாய் ஓசைக்கு மிரளாது. ஆனால் எதிர்பாராத அதிர்வுக்கு மிரளும். ஆகையால் கருவியை முதலில் கண்ணுக்குக் காட்டி, நிறுத்திய நிலையில் பாதத்தில் சிலமுறை தொட்டுப் பழக்கிய பின்னரே இயக்கவேண்டும். குறைந்த வேகத்தில், ஒரு நகத்தை ஒருமுறைக்கு ஓரிரு நொடிகளுக்கு மேல் தொடாமல், நகங்களை மாற்றி மாற்றித் தேய்த்தால் உராய்வு வெப்பம் சேராது.